பெரிய புல்லி போட்ட பிறகு

என் கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் சொன்னவர் எதிர் பிளாக் லீலாவதி மாமி. சண்டைக்காரியாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். மாமி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி புரட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

“சுபா, தப்பா எடுத்துக்காதே. உன் மாவு முன்ன மாதிரி இல்லடி. நேத்து வார்த்த இட்லிய மாமா தட்டுல வச்சுண்டு என்னைப் பாக்கறார், நான் அவரைப் பாக்கறேன். அப்படியே கல்லு. உன் கைல சூடு ஏறிடுத்தோ என்னமோ.”

மாவு பொங்குவது கரைக்கிற கையைப் பொறுத்தது என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். சிலர் கை பட்டால் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழியும். சிலர் கை பட்டால் மறுநாள் மாலைவரை அசையாமல் படுத்திருக்கும். மாமி தஞ்சாவூர், நான் கோயமுத்தூர். சாம்பாரில் தொடங்கி பேச்சுவரைக்கும் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாதது நிறைய உண்டு. ஆனால் கைராசி விஷயத்தில் இருவருக்கும் ஒரே வேதம்தான்.

டில்லித் துவாரகாவில் அந்தக் கைராசிக்குப் பெயர் போனவள் நான். பத்து வருஷமாக எங்கள் ஃப்ளாட் சொசைட்டியிலும் பக்கத்து சொசைட்டிகளிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு மாவு ஆட்டிக் கொடுக்கிறேன். டில்லிக் குளிரில் யார் வீட்டு மாவும் எழுந்திருக்காத டிசம்பரில்கூட என் மாவு பொங்கும். ‘சுபாஷிணி கை’ என்றே சொல்வார்கள். படிப்பில் நான் சுமார். பாட்டு வராது. ஆபீஸ் போய்ச் சம்பாதித்தவளும் இல்லை. கையில் மட்டும் ஏதோ இருக்கிறது என்று ஊர் சொன்னதை நம்பி, அதை வைத்தே தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன். அதனால் மாமி அப்படிச் சொன்னதும் கையை அவர் மடியிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டேன்.

தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தீபாவளிக் காலை இட்லிக்கு எல்லா வீட்டுக்கும் முந்தின நாளே என் மாவு போய்ச் சேரும். வருஷத்தில் எனக்கு அதுதான் பெரிய நாள். அன்றைக்கு எங்கள் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கல்லைக் கடித்துக்கொண்டு என்னை நினைத்துக்கொள்வதாக ஒரு காட்சி மனதில் வந்து நின்றுவிட்டது. அது போகவே இல்லை.

இத்தனைக்கும் அப்போதுதான் கிரைண்டரை நல்லபடியாகச் சரி செய்திருந்தோம். என்னுடையது கடைகளில் வைத்திருக்கிற மாதிரி பெரிய கிரைண்டர். மேலே கல் பதித்த டிரம், அதற்குள் குழவிகள். கீழே மோட்டார். மோட்டாரில் சின்னதாக ஒரு சக்கரம், டிரம்முக்கு அடியில் பெரிதாக ஒரு சக்கரம், இரண்டையும் சேர்த்து ஒரு பெல்ட். இந்தச் சக்கரங்களைத்தான் புல்லி என்பார்கள். பெல்ட் நைந்துபோய்விட்டது என்று என் வீட்டுக்காரர் ஸ்ரீதர் அதைக் கழற்றினார். கழற்றியவர் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு எழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவருக்கு ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை. விமானம் தரையில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த கூட்டம் அது. வீட்டிலும் மனிதர் அப்படித்தான். நான் காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றால்கூட, இதை எப்படி வேகமாக நறுக்கலாம் என்று ஒரு யோசனை சொல்லாமல் போகமாட்டார். உத்தம் நகர் போய் பெல்ட்டோடு ஒரு புதுப் புல்லியும் வாங்கிக்கொண்டு வந்தார். மோட்டாரில் இருந்ததைவிட அது இரண்டு மடங்கு பெரிது.

“இங்க பாரு சுபா. இது பழைய சின்னது. இது ஒரு சுத்து சுத்துனா பெல்ட் இத்தனூண்டுதான் நகரும். இந்தப் பெருசு ஒரு சுத்து சுத்துனா பெல்ட் எவ்வளவு தூரம் போகுது பாரு. டிரம் அந்த அளவுக்கு ஜல்தியா சுத்தும். அதே மோட்டார், அதே கரண்டு, மாவு பாதி நேரத்துல ரெடி.”

“அப்படின்னா கம்பெனிக்காரன் எதுக்குங்க சின்னதா வெச்சான்?”

“காசு மிச்சம் புடிச்சிருப்பான்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் அதை மோட்டாரில் மாட்டிய பிறகு டிரம் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தால் கண் கொள்ளவில்லை. காலை முழுவதும் இழுத்துக்கொண்டிருந்த வேலை, அவர் ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியோடு சேர்ந்து நானும் ஒரு ஊது ஊதினேன். ஊருக்குப் போன் போட்டு அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆட்டிய முதல் மாவு பொங்கவில்லை. அக்டோபர், ராத்திரியில் குளிர ஆரம்பித்துவிட்டது, அதுதான் காரணம் என்று பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தினேன். அப்போதும் எழவில்லை. உளுந்து பழசு என்று கடையை மாற்றினேன். தண்ணீரில்தான் கோளாறு என்று ஃபில்டர் தண்ணீரை விட்டுக் குழாய்த் தண்ணீர், குழாய்த் தண்ணீரை விட்டுக் கேன் தண்ணீர். உளுந்து மாவை ஒரு துளி கிள்ளித் தண்ணீரில் போட்டால் பூ மாதிரி மிதக்கவேண்டும். இது நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது.

கிரைண்டர் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புதுசாகச் சீர் செய்து, முன்னைவிட விசையாக ஓடுகிற மெஷினை யார் சந்தேகப்படுவார்கள்? அப்படியே நான் வாய் திறந்திருந்தாலும், ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம் என்று அவரே சொல்லியிருப்பார். அதிலும் கோயமுத்தூர்க்காரி, கிரைண்டரைக் குறை சொன்னால் சிரிக்கமாட்டார்களா?

மிஞ்சியது என் கைதான். ஐம்பதை எட்டப்போகிற உடம்பு. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வேர்க்கிறது. அந்தச் சூடு கையிலும் இறங்கிவிட்டதோ என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் மாமி என் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே சொன்னார். கரைப்பதற்கு முன்னால் கையை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை. யாரிடம் சொல்வது இதையெல்லாம்?

ஸ்ரீதர் ஒரு வழி கண்டுபிடித்தார். வழி கண்டுபிடிக்காமல் அவரால் இருக்கமுடியாது.

“ஒரு தடவ அகல்யாவக் கரைக்கச் சொல்லிப் பாக்கலாம். சின்ன வயசுக் கை. உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டு.”

அகல்யா அவருடைய தங்கை. சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ், அவள் வீட்டுக்காரர் மத்திய அரசு. தங்கமான பெண். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருந்தாலும் அவர் அப்படிச் சொன்னபோது, பத்து வருஷமாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை யாரோ சத்தமில்லாமல் நகர்த்திப் போட்டது போல இருந்தது. சரி என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அகல்யா மெட்ரோ பிடித்து வந்தாள். அவள் வந்த நேரம் கரண்டு போய்விட்டது. சொசைட்டி ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். ஒரே ஜெனரேட்டரில் எல்லோரும் கீசரையும் இஸ்திரிப்பெட்டியையும் போட்டால் அது என்ன செய்யும், பாவம். பல்புகள் மஞ்சளாக அழுதன. கிரைண்டர் மூச்சு வாங்கிக்கொண்டு, இழுத்து இழுத்து, ஏதோ கடமைக்கு ஓடியது. ஸ்ரீதர் வாட்சைப் பார்த்துக்கொண்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒருவழியாக மாவு ஆகி முடிந்தது. அகல்யா வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு உப்புப் போட்டுக் கரைத்தாள்.

மறுநாள் காலை மூடியைத் தூக்கினால் மாவு நுரைத்துக்கொண்டு விளிம்புக்கு வந்திருந்தது.

வாட்ஸப் குழுவில் ஒரே கொண்டாட்டம். லீலாவதி மாமி, மாமா நாலு இட்லி சாப்பிட்டதைக் குரல் பதிவாகவே அனுப்பியிருந்தார். “யாரு கை?” என்று ஒருத்தி கேட்க, “என் தங்கை கை” என்று ஸ்ரீதர் பதில் போட்டார். தீபாவளி மாவையும் அகல்யாதான் கரைக்கப்போகிறாள் என்று கூடவே ஒரு வரி. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பொறாமை என்றால் பொறாமைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது பயம். கையே போனபிறகு எனக்கென்று என்ன இருக்கிறது என்ற பயம்.

அடுத்த ஈட்டுக்கும் அகல்யா வந்தாள். கரண்டு நன்றாக இருந்தது, டிரம் பறந்தது, மாவு சீக்கிரம் முடிந்தது. அவளே கரைத்தாள். மறுநாள் காலை அவளுக்கு போன் போட்டு, மூடியைத் திறந்தபடியே சொன்னேன். மாவு ஒரு விரல்கூட எழவில்லை. வைத்தது வைத்தபடி இருந்தது.

அன்று மத்தியானமே ஓடிவந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணி, என்ற கையும் கெட்டுப் போச்சுங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. நாலு நாள் பேர் வாங்கியவளுக்கே இப்படி இருக்கிறதென்றால் என்னை நினைத்துப் பாருங்கள். இரண்டு கெட்ட கைகள் அடுக்களையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தன. ஒரே கை ஒரு நாள் பொங்க வைத்தது, இன்னொரு நாள் படுக்க வைத்தது. கைராசி என்ன கரண்டா, போய்ப்போய் வருவதற்கு?

அரிசி ஊறியிருந்தது. அதை வீணாக்க மனமில்லாமல் கிரைண்டரில் போட்டு ஓடவிட்டேன். டிரம் வழக்கம்போலப் பறந்தது.

“அன்னிக்கும் நேத்தைக்கும் என்ன அகல்யா வித்தியாசம்? அதே அரிசி. அதே உளுந்து. கைகூட உன்றதுதான்.”

“அன்னிக்குக் கரண்டு இல்லீங்க. ஜெனரேட்டர்ல அழுதுட்டே ஓடுச்சே. அவ்வளவுதானுங்க அண்ணி.”

கரண்டு நன்றாக இருந்த நாளில் மாவு கெட்டது, கரண்டு நாசமாக இருந்த நாளில் நன்றாக வந்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யோசித்தபடியே, டிரம்மின் வெளிப்பக்கம் வழிந்திருந்த மாவைத் துடைக்கக் கையை வைத்தேன். ஓடுகிற டிரம்மை அப்படித் துடைப்பது எனக்குப் பழைய வழக்கம். முன்பெல்லாம் உள்ளங்கையை வைத்தால் டிரம் அதைப் பொருட்படுத்தாது. கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நான்தான் கையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கொஞ்சம் அழுத்தினேன். டிரம் நின்றுவிட்டது.

மோட்டார் உறுமிக்கொண்டிருக்கிறது, பெல்ட் வழுக்கிக்கொண்டிருக்கிறது, ரப்பர் வாடை அடிக்கிறது. டிரம் மட்டும் என் கைக்கு அடங்கி நிற்கிறது. நான் பயந்துபோய் சுவிட்சை அணைத்தேன்.

“நின்னு போச்சுங்க அண்ணி,” என்றாள் அகல்யா, எனக்குத் தெரியாதது மாதிரி.

இவ்வளவு வேகமாக ஓடுகிற ஒன்றை ஒரு கையால் நிறுத்த முடியுமா? வேகமாக ஓடுவதுதானே பலசாலி? உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். மாவு குளிக்கிற வெந்நீர் பதத்தில் இருந்தது. பாதி மாவு, வாஷிங் மெஷினில் துணி ஒட்டிக்கொள்கிற மாதிரி, டிரம்மின் சுவரில் அப்பிக்கொண்டிருந்தது. குழவிக்கு அடியில் போனது கொஞ்சம்தான். அரைபட்டதைவிட, சூடுபட்டதுதான் அதிகம். அந்தச் சூடு என் கையில் இல்லை, டிரம்மில் இருந்திருக்கிறது. ஜெனரேட்டரில் மெதுவாக இழுத்த அன்று மட்டும் அது ஏறவில்லை.

அந்த நேரத்தில் என் மகள் ஸ்ம்ருதி டியூஷனிலிருந்து வந்தாள். பதினொன்றாவது படிக்கிறாள், ஃபிசிக்ஸில் நல்ல மார்க்கு. அவளிடம் கேட்டேன். வேகமாக ஓடினால் ஏண்டி பலம் குறையணும்?

“அம்மா, இட்ஸ் சிம்பிள். ஸ்பீடு ஏறினா டார்க் கம்மியாகும். கியர் ரேஷியோ. புக்ல டயக்ராமே இருக்கு.”

“டார்க்னா என்ன?”

“டார்க்னா… அச்சா, எப்படிச் சொல்றது. சுத்தற ஃபோர்ஸ் மாதிரி… டார்க்தான்.” அதற்குமேல் அவளிடம் தமிழும் இல்லை, பொறுமையும் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். அந்தப் படத்தைப் புத்தகத்தில் படித்துக்கொண்டேதான் இத்தனை நாளாக இந்தக் கல் இட்லியையும் தின்றிருக்கிறாள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

நானும் அகல்யாவும் கிரைண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மாவை ஊற்ற டிரம்மைச் சாய்ப்பதற்குப் பக்கத்தில் ஒரு நீளக் கம்பி இருக்கும். அந்தக் கல்லையும் குழவியையும் வெறும் கையால் தூக்கச் சொன்னால் பயில்வான்கூட ஓடிவிடுவான். கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்தால் நானே சாய்த்துவிடுவேன். ஆனால் என் கை ஒரு முழம் இறங்கினால் டிரம் நாலு விரல்தான் சாயும். கம்பியைப் பாதியில் பிடித்தால் கை கொஞ்சம் இறங்கினாலே போதும், டிரம் அதே அளவு சாயும். ஆனால் தோள்பட்டை கழன்றுவிடும். பலம் வேண்டுமென்றால் தூரத்தை விட்டுக்கொடு, வேகம் வேண்டுமென்றால் பலத்தை விட்டுக்கொடு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற கம்பி உலகத்தில் இல்லை போலிருக்கிறது. இதை இத்தனை வருஷமாகத் தினமும் இழுத்திருக்கிறேன்.

அப்படியானால் புல்லியும் இதே கணக்குத்தானோ? ஆனால் அங்கே எனக்கு வேறு குழப்பம் வந்தது. டிரம்முக்கு அடியில் இருப்பது பெரிய சக்கரம், அது பெரிதாக இருப்பதால்தான் பலம். சரி. மோட்டாரிலும் பெரியதைப் போட்டால் இன்னும் பலம் கூடத்தானே வேண்டும்? ஏன் குறைந்தது? ஒரே ‘பெரிசு’ ஓரிடத்தில் பலமாகவும் இன்னோரிடத்தில் பலவீனமாகவும் எப்படி இருக்கும்? என் தலைக்குள் பெல்ட் வழுக்கியது.

கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே உட்கார்ந்து, மோட்டார் சக்கரத்தைக் கையாலேயே சுற்றிப் பார்த்தேன். மேலே அரிசி இருக்க, பெரிய புல்லி அசையவே மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் முக்கித் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிவிட்டால் டிரம் சட்டென்று பாதிதூரம் வந்துவிட்டது. பிறகு ஸ்பேனரைத் தேடி எடுத்து, மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அகல்யா பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள, பழைய சின்னப் புல்லியை மாட்டினேன். இப்போது ஒரு கையால் சுற்ற முடிந்தது. ஆனால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நான் பலமுறை சுற்ற, டிரம் ஒரு தரம் வந்தது. அந்தச் சின்னச் சக்கரம் ஓடி ஓடிச் சேர்த்துக் கொடுக்கிற பலத்தில்தான் மேலே கல் நிதானமாக நடந்திருக்கிறது. ஓட வேண்டியது மோட்டார். கல் நடந்தால் போதும்.

முழுக்கப் புரிந்தது என்று சொன்னால் பொய். கைக்குப் புரிந்தது. தலைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

ஸ்ரீதர் ஷிப்ட் முடிந்து வந்தபோது கிரைண்டர் சின்னப் புல்லியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலிலேயே அவருக்குச் சத்தத்தில் தெரிந்துவிட்டது.

“என்ன சுபா, திரும்ப ஸ்லோ பண்ணிப்போட்டியா? தீபாவளிக்கு இத்தன வீட்டு மாவு, இந்த வேகத்துல எப்ப முடிக்கறது?”

“ஏனுங்க, இங்க வாங்க. இந்த டிரம்மக் கைய வெச்சு நிறுத்துங்க பாக்கலாம்.”

“என்ன விளையாட்டு இது?”

“நிறுத்துங்க. பெருசு போட்டிருந்தப்ப நான் ஒத்தக் கையில நிறுத்துனேன். அகல்யா சாட்சி.”

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளங்கையை வைத்தார். டிரம் அவர் கையை இழுத்துக்கொண்டு போனது. மறுபடியும் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். டிரம் அவரையும் இழுத்தது. தங்கைக்கு முன்னால் அப்படி இழுபட்டது அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். மாவு ஒட்டிய கையோடு நின்றுகொண்டு பெல்ட்டை வெகுநேரம் பார்த்தார். பதறாத காரியம் சிதறாது என்று ஒரு பழமொழி நாக்கு நுனிவரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் எல்லா வீட்டுக்கும் மாவு போகவேண்டும் என்பதால், அதற்கும் முந்தின நாளே விடியலில் தொடங்கிப் பொழுது சாயும்வரை ஆட்டினேன். உளுந்து பந்து பந்தாக எழுந்தது. கிள்ளித் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. எல்லாம் சரியாக இருந்தது. உப்பைப் போட்டுவிட்டு, கரைக்கக் கையை உள்ளே விடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

புல்லிதான் காரணம் என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும், ஒருவேளை கையும் கெட்டிருந்தால்? இரண்டும் சேர்ந்தே கெட்டிருந்தால்? இத்தனை வீட்டுத் தீபாவளி அந்தப் பாத்திரங்களில் இருந்தது. அகல்யா அவள் வீட்டு வேலையென்று கிளம்பிவிட்டாள், அவளும் தன் கையை நம்பவில்லை. நான் மரக்கரண்டியை எடுத்தேன். எந்தக் கையும் படாமல் கரண்டியாலேயே எல்லா மாவையும் கரைத்து மூடினேன். என் கைமேல் எனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை மிஞ்சியிருந்தது.

மறுநாள் காலை மூடிகளைத் திறந்தால் ஒவ்வொரு பாத்திரத்திலும் மாவு பொங்கி நின்றது. டிசம்பரையும் ஜெயித்த அந்தப் பழைய மாவேதான். எனக்குக் கால் தரையில் படவில்லை. ஸ்ரீதர் எட்டிப் பார்த்துவிட்டு, தோளில் கைவைத்து, மனதார ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னார்.

“பாத்தியா? உன்ற கையில ஒரு தப்பும் இல்ல. கையில ஒண்ணுமே இல்ல சுபா. எல்லாம் புல்லிதான்.”

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். தரையில் படாமலிருந்த என் கால் அந்த வார்த்தையில் தரைக்கு வந்துவிட்டது. மாவைக் கெடுத்தது என் கை இல்லை. அப்படியென்றால் பத்து வருஷமாக அதைப் பொங்க வைத்ததும் என் கை இல்லை. யாரோ ஒரு கம்பெனிக்காரன் சின்னதாக வைத்துவிட்டுப் போன ஒரு இரும்புச் சக்கரம். அதை ஊரே என் கை என்றது, நானும் ஆமாம் என்றேன். செய்யாத குற்றத்திலிருந்து விடுதலை செய்துவிட்டு, போகிற போக்கில் வீட்டையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும்? சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நாள் முழுக்க மாவை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக் காலையில், நான் தலை குளித்து அடுக்களையில் முதல் ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருந்தபோது, லீலாவதி மாமி ஒரு கிண்ணத்தில் லேகியத்தோடு வந்துவிட்டார். புதுப்புடவை சரசரத்தது.

“கங்கா ஸ்நானம் ஆச்சா? இந்தா, வாயத் திற.” லேகியத்தை வாயில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இன்னிக்கு இட்லி இருக்கே, பஞ்சு. மாமா பேசவே இல்ல, சாப்டுண்டே இருக்கார். யார் கைடி இது? சொல்லு. உன் கையா, அகல்யா கையா? ரெண்டு பேர் பந்தயம் கட்டியிருக்கா கீழே.”

“யார் கையும் இல்லைங்க மாமி. கரண்டியாலதான் கரைச்சேன். கையே படல.”

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் புல்லியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பெரியது போட்டது, டிரம் நின்றது, சின்னது மாட்டியது எல்லாம் சொன்னேன். மாமி பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கே நான் சொன்னது பாதிதான் புரிந்தது.

“அதெல்லாம் இருக்கட்டும்டி,” என்றார் கடைசியில். “அந்தக் கரண்டியப் புடிச்சது யாரு?”

நான் குனிந்து என் கையைப் பார்த்தேன்.

“அப்ப உன் கைதான். பந்தயத்துல நான் ஜெயிச்சேன்,” என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். படியிறங்கும்போதே யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது, சுபா கை திரும்பி வந்துடுத்து என்று. ஓடிப்போய் இல்லை மாமி என்று சொல்லியிருக்க வேண்டும். வாசல்வரை போனேன். சொல்ல மனம் வரவில்லை.

ஸ்ரீதர் சொன்னதும் சரிதான், நானே கையால் சுற்றிப் பார்த்ததாயிற்று. மாமி சொன்னதையும் பொய் என்று தள்ள முடியவில்லை. எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திரும்பி வந்து ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, அடுப்பின் முன்னால் நின்றபடியே அழுதேன். இட்லி நன்றாக இருந்தது.